பச்சைக் காரை விட்ட இடம்

"வீரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ அங்கிள்" என்று உங்கள் தீயணைப்பு நிலையக் கப்டன் தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடம் ஒரு கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தில், சைரன் அடித்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனாக இருந்தேன். அத்தனை வருடத்தில் வீரம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாசி மாதம், பின்னேரம் மூன்று மணிக்கு, என் காரை ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் முதலில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு குடும்பத்தின் கொட்டகை போனது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கரிங்கைத் தாண்டி விட்பிக்குப் போகிற வழியில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள் நிற்கிற இடத்தில் அப்போது சோளமும் மாடும்தான். அங்கே உழவு மெஷின் திருத்துகிற கராஜ் ஒன்றில் எனக்கு வேலை. கராஜுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். ஊர் ஆண்களில் பாதிப் பேர் விடிந்தால் ரொறொன்ரோவுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் நிலையத்தின் சீஃப் ஒருநாள் கராஜுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சீஃப் என்றால் சம்பளக்காரர் அல்ல. அவருடைய தொழில் குழாய் திருத்துவது.

"உமக்கு ஓடத் தெரியுமோ?" என்றார்.

"தெரியும்."

"அப்ப திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாரும்."

நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான். அவர் பேசியது ஆங்கிலம்தான். அந்த ஊரில் என்னையும் என் மனைவியையும் தவிர எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு நினைவில் இருப்பது எல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் இருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

சேர்ந்தவுடன் உறுப்பினர் ஆகிவிட முடியாது. ஆறு மாதம் அவர்களோடு கூட ஓட வேண்டும். பிறகு மாதக் கூட்டத்தில் ஒரு பழைய புகையிலை டின் கைமாறிப் போகும். ஆள் வேண்டும் என்றால் வெள்ளை அவரைக்கொட்டை போடுவார்கள், வேண்டாம் என்றால் கறுப்பு. பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. ஒரு கறுப்புக் கொட்டை விழுந்தால் கதை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்த டின் பெரிய விஷயம். கராஜில் நான் கூலிக்கு வேலை செய்கிற வெளிநாட்டுக்காரன். கடையில் பாண் வாங்கும்போது மூன்று தரம் சொன்னால்தான் விளங்கும் ஆள். அந்த டின் வெள்ளையாக வந்தால் நான் அந்த ஊர்க்காரன். உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது, நீங்கள் இங்கேயே பிறந்தவர்கள்.

என் ஐந்தாவது மாதம் அது நடந்தது. ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை, காலை. சைரன் அடித்தது. நான் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போதே முதல் தீயணைப்பு வண்டி என் வீட்டைத் தாண்டிக் கிழக்கே பறந்தது. அப்போது என்னிடம் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. ஏறினேன், வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

இரண்டு மைலில் ஒரு பண்ணை வீடு. மாடுகள் கீழேயும் வைக்கோல் மேலேயுமாக ஒரு பெரிய மரக் கொட்டகை. பார்ன் என்பார்கள். அதன் கூரையோரம் புகைந்துகொண்டிருந்தது. றோட்டிலிருந்து வீட்டுக்கு நூற்றைம்பது யார் நீளத்தில் ஒரு மண் ஒழுங்கை. ஒரு வாகனம்தான் போகலாம், இரண்டு பக்கமும் வாய்க்கால். வண்டி உள்ளே போனது. நானும் அதன் பின்னாலேயே போனேன். ஒழுங்கையின் நடுவில் காரை நிறுத்தி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடத் தெரியும் என்று சொல்லித்தானே சேர்ந்தேன்!

உங்களுக்கு இப்போது எல்லாத் தெருவிலும் தண்ணீர்க் குழாய் நிற்கிறது. அப்போது அந்தப் பக்கம் எதுவும் இல்லை. முதல் வண்டி தன்னோடு கொண்டு வருகிற தண்ணீர் ஐந்து நிமிடத்துக்குத்தான் காணும். அதற்குள் பின்னால் பவுசர், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறி, வந்து சேர வேண்டும். அதை ஓட்டுகிறவர் பகலில் பால் லொறி ஓட்டுகிறவர், மலைபோல ஆள், வாயும் அப்படித்தான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. "எந்த விசரன் பாதையை மறிச்சுக்கொண்டு நிக்கிறான்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் நான்தான் கத்தினேன். சத்தியமாக, நானேதான்.

குழாயில் தண்ணீர் மெலிந்தபோது பால் லொறிக்காரர் ஒழுங்கை முழுவதும் ஓடி வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"உந்தப் பச்சைக் கார் ஆரின்ர?"

என் கையில் இருந்த குழாய் அப்படியே கீழே விழுந்தது. ஓடிப்போய்க் காரைப் பின்னுக்கு எடுத்தேன். அவசரத்தில் கூட வளைத்துவிட்டேன். பின் சில்லு வாய்க்காலுக்குள் இறங்கியது. நாலு பேர் வந்து தூக்கித் தள்ளி, பவுசர் உள்ளே போனபோது கொட்டகைக் கூரை கீழே இருந்தது. மாடுகளைப் பண்ணைக்காரர் ஏற்கெனவே அவிழ்த்து விட்டிருந்தார். ஆனால் ஒரு குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்த வைக்கோல், ஏணிகள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் போனது. பண்ணைக்காரரின் மனைவி குசினிக்குள் இருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேநீரும் சான்விச்சும் கொண்டு வந்து எங்களுக்குத் தந்தார். எனக்கும் தந்தார். நான் வாங்கிக் குடித்தேன். ஒவ்வொரு மிடறையும் வலிந்துதான் இறக்கினேன்.

மனைவி என்னை விட்டுவைத்தாரா? "கலியாண வீட்டுக்குப் போனா மட்டும் வடிவா வேலிக்கரையில ஒதுக்கி விடத் தெரியுது. நெருப்புக்குப் போனா நடு ஒழுங்கையோ?" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை என்பதால்தான் வந்தது.

அடுத்த கூட்டத்தில் பால் லொறிக்காரர் எழும்பி, "அண்டைக்கு நெருப்பு செய்ததை விட உவற்ர கார் செய்த சேதம் கூட" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். யாரும் மறுக்கவில்லை. சீஃப் மட்டும் டின்னை எடுக்காமல், "வாக்கெடுப்பைப் பங்குனிக்குத் தள்ளி வைப்பம்" என்றார். இப்போது போட்டால் டின் முழுவதும் கறுப்பாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் வேதனை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய குழாய்ச் சாமான் வானில் என்னை ஏற்றிக்கொண்டு போய், அதே ஒழுங்கை வாசலில் இறக்கி விட்டார்.

"றோட்டைப் பாத்துக்கொண்டு நில்லும்" என்றார்.

நின்றேன். குளிர் காதைப் பிய்த்தது. கால் மணித்தியாலம் நிற்க விட்டுப் பிறகு சொன்னார்.

"நீர் ஓடினது பிழையில்லை. எல்லாரும் நெருப்பைப் பாத்துத்தான் ஓடுவினம். உமக்குப் பின்னால என்ன வருகுதெண்டு நீர் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. அதுதான் பிழை. இனி முதல் ஆளா வந்தா, முதல்ல திரும்பிப் பாரும்."

அவ்வளவுதான். என்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி அந்த மாசி மாதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவசரத்துக்கு அழைத்தால் எடுக்க நகரத்தில் ஓர் அறை நிறைய ஆட்கள் இருக்கவில்லை. ஊரில் ஐந்து வீடுகளில் சுவரில் ஒரு நெருப்புப் போன் இருக்கும். அழைப்பு வந்தால் ஐந்து வீட்டிலும் ஒன்றாக அடிக்கும். முதலில் எடுக்கிற பெண் விசாரித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற பொத்தானை அமத்த வேண்டும். நிலையத்துக் கூரையில் சைரன் அடிக்கும். முன்பு எங்கள் வீட்டில் இருந்தவர் நிலையத்து ஆள், அதனால் ஒன்று எங்கள் குசினியிலும் இருந்தது. என் மனைவிக்கு அது ஒரு பாம்பு மாதிரி. ஆங்கிலத்தில் பிழை விட்டு ஆளைச் சாகடித்துவிடுவேனோ என்று பயம். ஆனாலும் நாலு கேள்வியைத் தமிழில் எழுதிப் போனுக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார். எங்கே? என்ன எரியுது? உள்ளுக்கு ஆர்? எந்த அறை?

அன்றைக்கு மற்ற நாலு வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. போன் ஆறு தரம் அடித்தபின் அவர் எடுத்தார்.

நான் கராஜில் ஓர் உழவு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். சைரன் கேட்டது. கூடவே மனைவியின் குரல், முற்றத்துப் பனிக்குள் வெறும் செருப்போடு.

"இஞ்சாருங்கோ! பார்ன் எரிஞ்ச வீடு! இப்ப குசினி எரியுதாம். மனிசன் ரவுணுக்குப் போயிட்டார். மனிசி மேல தனிய நிக்குது, காலில பிளாஸ்ரர், இறங்கேலாது. குசினிக்கு மேல் அறை, றோட்டுப் பக்க யன்னல்!"

"சைரன் அடிச்சனியோ?"

"அடிக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையே! ஓடுங்கோ! அவ இன்னும் லைனில நிக்கிறா, நான் போறன்."

அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நிலையத்துக்குப் போகாமல் நேரே இடத்துக்குப் போகலாம் என்பது எங்கள் வழக்கம். எனது தொப்பியும் மேற்சட்டையும் காருக்குள்தான் இருந்தன. மூன்று நிமிடத்தில் ஒழுங்கை வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை.

பார்த்தேன். குசினி யன்னல் உடைந்து நெருப்பு வெளியே நாக்கை நீட்டியது. அதற்கு நேர் மேலே, மேல்மாடி யன்னலில், எனக்குத் தேநீர் தந்த அந்தப் பெண். ஒழுங்கையில் பனியை ஒரு வாகனம் போகிற அளவுக்குத்தான் தள்ளியிருந்தார்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு பனிச் சுவர். ஒதுங்க ஓர் அடி இடம் இல்லை.

பிள்ளைகளே, என் கால் அக்சிலேற்றரை அழுத்தத்தான் போனது. ஒரு மனிசி எரிகிற வீட்டில் நிற்கும்போது யாருக்குத்தான் நிற்க மனம் வரும்? ஆனால் உள்ளே போய் நான் என்ன செய்வேன்? என்னிடம் ஏணி இல்லை. அவர்களுடைய ஏணிகள் கொட்டகையோடு எரிந்துவிட்டன, அதுவும் என்னால். நெருப்பு யன்னலுக்குக் கீழேயே எரிகிறது, தண்ணீர் இல்லாமல் ஏணி வந்தாலும் சார்த்த முடியாது. நான் உள்ளே போனால் அடுத்து வருகிறவன் என் வாலைப் பிடித்துக்கொண்டு வருவான். அவனுடைய வாலை அடுத்தவன் பிடிப்பான்.

திரும்பிப் பார்த்தேன். றோட்டில் தூரத்தில் இரண்டு கார் வேகமாக வந்துகொண்டிருந்தன.

காரைக் குறுக்கே திருப்பி ஒழுங்கை வாசலை அடைத்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை. அந்தக் குளிரில் நிறுத்தினால் திரும்ப இயங்காது. இறங்கிக் கதவோடு நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி, பிறகு றோட்டைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே மறைந்துவிட்டார். மயங்கி விழுந்துவிட்டாரோ? ஒருவன் வந்தும் வராமல் நிற்கிறானே என்று வெறுத்துவிட்டாரோ?

முதல் காரில் தபால்கந்தோர்க்காரரும் இன்னொருவரும். "எடும் காரை!" என்றார்கள். "றோட்டோரம் விட்டிட்டு ஓடுங்கோ! நெருப்பை மாடிப்படிக்குப் போக விடாதேங்கோ!" என்றேன். ஏசிக்கொண்டே தீயணைப்பு உருளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த கார்க்காரனும் அப்படியே. அதற்குப் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து, என் கார்க் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது குழாய்ச் சாமான் வான். சீஃப்.

"வழியை விடும்!"

"இல்லை சீஃப். வானை றோட்டில விடுங்கோ."

"அங்க ஒரு மனிசி நிக்குது, தெரியேல்லையோ? எடும் எண்டு சொல்லுறன்!"

"பவுசர் வரோணும் சீஃப். நீங்கள் நடந்துதான் போகோணும்."

அவருடைய முகம் சிவந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்கவில்லை. "நீங்கள்தானே சீஃப் என்னை இதே இடத்தில கொண்டுவந்து நிப்பாட்டினது!" என்று கத்தினேன்.

அவர் திரும்பி றோட்டைப் பார்த்தார். பிறகு இங்கே சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, வானைப் பனி மேட்டோடு ஒதுக்கி விட்டு, முன்பே கெட்டுப்போயிருந்த முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினார். நான் மறித்தது என் வாக்கெடுப்பைக் கையில் வைத்திருந்த மனிதரை. வண்டி வழியில் எங்காவது சறுக்கி நின்றிருந்தால், நான் ஒரு மனிசியைச் சாகவிட்டுக் காவல் நின்றவன். அந்த இரண்டு மூன்று நிமிடமும் எனக்கு அது தெரியும்.

வண்டி வந்தது! காரைப் பின்னுக்கு எடுத்தேன், விட்டேன், திரும்பவும் அடைத்தேன். கணக்கான நேரத்தில் பவுசர் வந்தது. திரும்பவும் எடுத்தேன். என்னைத் தாண்டும்போது பால் லொறிக்காரர் ஸ்ரியறிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அந்த ஊரில் அது பெரிய மரியாதை.

அதன் பிறகுதான் நான் ஓடினேன். ஏணி சார்த்தியிருந்தது. முதல் வண்டித் தண்ணீர் யன்னலுக்குக் கீழே நெருப்பை அமுக்கிப் பிடித்திருந்தது. பிளாஸ்ரர் போட்ட காலோடு ஓர் ஆளை ஏணியில் இறக்குவது ஒவ்வொரு படியாகத்தான் நடக்கும். பாதி வழியில் குழாய் மெலிந்தது. எனக்கு அந்த மெலிவு நன்றாகத் தெரியும், ஒக்ரோபரில் கையில் பிடித்துப் பார்த்தது. எல்லாரும் பவுசரைத் திரும்பிப் பார்த்தோம். பால் லொறிக்காரர் இணைப்பைப் பூட்டி, "போகுது!" என்று கத்தினார். குழாய் திரும்பவும் விறைத்தது. அந்தப் பெண்ணின் நல்ல கால் பனியில் பட்டபோது நாங்கள் போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டிருக்கும். குசினி போனது. வீடு நின்றது. சீஃப் பனிக்குள் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பங்குனிக் கூட்டம். டின் சுற்றி வந்தது. சீஃப் மேசையில் கொட்டினார். எல்லாம் வெள்ளை, நடுவில் ஒன்று கறுப்பு. நான் வீட்டுக்குப் போக மேற்சட்டையை எடுத்தேன். பால் லொறிக்காரர் எழும்பி, "ஆர் உது போட்டது? என்ர பவுசருக்கு முன்னால இனி உவற்ர கார்தான் நிக்கோணும்!" என்று உறுமினார்.

"அது என்ர" என்றார் சீஃப். "முழங்கால் இன்னும் நோகுது." கறுப்புக் கொட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு வெள்ளையை வைத்தார். கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு பெட்டியில் வைத்தார். இரண்டு பேரும் அந்தப் பண்ணை வீட்டுக்குப் போனோம். குசினியில் புதுப் பலகையும் பெயின்ற் மணமும். அந்தப் பெண் என் மனைவியின் குரலைக் கேட்டதும் எழும்பி, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து கட்டிப் பிடித்தார். "கதவைச் சாத்துங்கோ, இடுக்கில போர்வையைச் செருகுங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தது இவதான்" என்று தன் கணவரிடம் காட்டினார். இதை என் மனைவி என்னிடம் சொல்லவே இல்லை. நிலையத்தில் தந்த பயிற்சிப் புத்தகத்தை நான் சத்தம் போட்டுப் படித்தபோது குசினியில் நின்று கேட்டிருக்கிறார்.

நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "உங்கட பார்ன் எரிஞ்ச அண்டைக்கு ஒழுங்கையை மறிச்சது என்ர கார். தண்ணி வரப் பிந்தினது என்னாலதான். நீங்கள் தந்த தேத்தண்ணியையும் குடிச்சிட்டுப் பேசாமல் போனன்."

அந்தப் பெண் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பச்சைக் கார்" என்றார். "தெரியும். அண்டைக்கு நீர் அதை வாய்க்காலுக்க விட்டுப் படுற பாட்டை இந்தக் குசினி யன்னலுக்கால பாத்துக்கொண்டுதான் தேத்தண்ணி ஊத்தினன். மாசியில மேல நிண்டு பாக்கிறன், திரும்பவும் அதே பச்சைக் கார் வருகுது. செத்தன் எண்டு நினைச்சன். அது வாசலிலயே குறுக்கால நிண்டுட்டுது. அப்ப எனக்கு விளங்கீட்டுது, இந்த முறை தண்ணி வரும் எண்டு. யன்னலைச் சாத்திப்போட்டுக் கட்டிலில இருந்தன்."

மனைவிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார். அன்றைக்கும் தேநீர் தந்தார்கள். இந்த முறை அது இறங்கியது.

வீரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி எழும்புங்கள். இன்றைக்கு மல்வேர்னில் இருந்து என் மகள் என்னைக் கொண்டுவந்து இறக்கியபோது வெளியே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். உங்களில் இரண்டு பேருடைய கார் தீயணைப்பு வண்டி வெளியே வருகிற கதவுக்கு முன்னால் நிற்கிறது. ஒன்று பச்சை.